சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காத கிட்டார்

சரவணா, இது அப்பாவின் கையெழுத்து. யாரையும் பக்கத்தில் உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதி வாங்கியது இல்லை. முட்டி தேய்ந்து, காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குவதை நிறுத்திய பிறகு, மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். "இனிமே படிச்சு என்னப்பா, கலெக்டர் ஆகப் போறீங்களா?" என்று சிரித்தாய். ஆகவில்லை. ஆனால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இனி எந்த பஸ்ஸும் என்னை ஏமாற்ற முடியாது. முன்பெல்லாம் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு ஏறுவேன், இப்போது பலகையைப் பார்த்து ஏறுகிறேன். கடைப் பெயர், சுவரொட்டி, காலண்டர் தாள், பிஸ்கட் பாக்கெட், எதையும் விடுவதில்லை. தெருவில் வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடக்கிறேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "மெதுவா படிங்க, போறவங்க வர்றவங்க எல்லாம் பாக்குறாங்க" என்கிறாள். இவ்வளவு சந்தோஷத்தை எப்படியடா மெதுவாகப் படிப்பது?

இன்று புதன்கிழமை. நேற்று நீ ஃபோனில் சொன்னதற்கு இது பதில். "அப்பா, பரண்மேல இருக்குல்ல கிட்டார், அதைப் பாலக்கரையில ஸ்டெல்லா டீச்சர்னு ஒருத்தங்க கேட்டிருக்காங்க. ஞாயித்துக்கெழமை வருவாங்க, குடுத்துருங்க" என்றாய். நான், "அதுக்கு முன்னாடி நீ ஒரு நடை வந்து, ஒரே ஒரு தடவை வாசிச்சுட்டுக் குடேன்" என்றேன். "எதுக்குப்பா? இங்க ஃப்ளாட்டுல வெச்சா மேல் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அங்க வெச்சா பரண்ல பூச்சி அரிக்குது. குடுத்துருங்க" என்றாய். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சரிப்பா, சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாய். கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. நீ நடுவில் சரிப்பா என்று சொல்ல முடியாது. நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சனிக்கிழமை ராக்ஃபோர்ட் ரயிலோ, பஸ்ஸோ, எதிலாவது வா. நம் வீட்டு முன்னறையில், கதவைத் திறந்து வைத்து, ஒரு தடவை சத்தமாக வாசி. அதற்குப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கொடு. நான் எழுதுகிற வேகத்துக்கு இது சனிக்கிழமைக்குள் சென்னை வந்து சேராது என்று அம்மா சொல்கிறாள். அது எனக்கும் தெரிகிறது. இருந்தாலும் கை நிற்க மாட்டேன் என்கிறது.

அந்தக் கிட்டார் எப்படி வந்தது என்று உன் மனைவிக்குச் சொல்லியிருக்கிறாயோ என்னவோ. வெங்காய மண்டி முதலாளியின் பையன் ஆசையாக வாங்கி, கொஞ்ச நாளில் அலுத்துப்போய், மண்டி மாடியில் போட்டு வைத்திருந்தான். ஒருநாள் முதலாளி, "யப்பா, இதைத் தூக்கிட்டுப் போயிடு, இடத்தை அடைக்குது" என்றார். வெங்காய மூட்டையை எப்படித் தூக்குவேனோ அப்படித்தான் அதையும் தூக்கினேன். சும்மாட்டைத் தலையில் வைத்து, அதன்மேல் கிட்டாரைப் படுக்க வைத்து, ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். கண்டக்டர், "என்னண்ணே, உறைக்குள்ள என்ன, வீணையா?" என்றார். "கிட்டாருங்க" என்றேன். "வாசிப்பீங்களா?" என்றார். "தூக்குவேன்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. காவிரிப் பாலம் தாண்டும் வரை எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் மடியில் அதை வைத்தேன். நீ அப்போது பத்தாவதோ என்னவோ. தொடக்கூடப் பயந்து, விரலால் ஒரு கம்பியை மட்டும் தடவினாய். அது டிங் என்றது. உடனே அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து கையால் கம்பியைப் பொத்தினாள். பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டி, "மாமா தூங்குவாரு" என்றாள். இந்தக் கதை அங்கேயே ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அடையவளஞ்சான் வீதிக்குப் பின்னால் நாம் குடியிருக்கிற ஸ்டோரைப் பற்றி நீ மறந்திருக்க மாட்டாய். ஒரே நடை, வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவும் மாமியும். மாமா கோயில் கைங்கரியம் செய்தவர், கீழே விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து படுக்கையில் இருந்தார். ஸ்டோரில் மற்ற எல்லோரும் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள். மூட்டை தூக்குகிறவன் வீடு நம்முடையது ஒன்றுதான். மண்டி முதலாளி சொன்னதற்காக வீட்டுக்காரர் நமக்கு விட்டார். யாரும் நம்மை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் பெரிய பயம். "நல்லவங்க. அவங்க வாயில ஒரு சொல் வர்ற மாதிரி நாம வெச்சுக்கக் கூடாது. நாம இங்க குடியிருக்கிறதே தெரியக் கூடாது" என்பாள். வாளியைத் தரையில் வைக்கும்போது சத்தம் வராமல் அடியில் துணி போடுவாள். மீன் வாங்குவதையே விட்டுவிட்டாள். ஒருநாள் நடையில் மாமி யாரிடமோ, "அவருக்கு இப்பல்லாம் சத்தமே ஆகறதில்லை, டிவி கூடப் போடறதில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது அம்மா காதில் விழுந்தது. அவ்வளவுதான். மாமி நம்மிடம் வந்து சொன்னதில்லை. நாமும் போய்க் கேட்டதில்லை. அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நம் வீட்டில் சட்டமே போட்டுவிட்டோம்.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள் நாம் எத்தனை வித்தை கண்டுபிடித்தோம்! அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உற்சாகமாக இருக்கிறது. வாசிக்க இடம் அடுப்படி மூலை, அரிசி டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில். பொதுச் சுவரில் ஆணி அடித்து, மண்டியிலிருந்து நான் கொண்டு வந்த பழைய சாக்குகளை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டோம். உன் பாட்டுக்கு எப்போதும் வெங்காய வாசனை இருக்கும். கம்பிகள் கீழே வந்து முடிகிற கட்டை இருக்கிறதே, அதை ஒட்டி, கம்பிகளுக்கு அடியில் என் பழைய வேட்டியைக் கிழித்து ஒரு துண்டு செருகினோம். கணீர் என்று வருகிற ஒலி, தக் தக் என்று குறைந்தது. அதுவும் போதாது என்று அம்மா நினைத்தாள். நான் என் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி, கிட்டாரின் நடு ஓட்டைக்குள் அடைத்தேன். "இப்ப எப்படி?" என்றேன். நீ கம்பியைத் தட்டிப் பார்த்து, "அப்பா, இது மூட்டைக்குள்ள இருக்கிற எலி மாதிரி கத்துது" என்றாய். நாம் மூவரும் சிரித்தோம். அதையும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தோம். பிளாஸ்டிக் வில்லையால் தட்டக் கூடாது, கட்டைவிரல் சதையால் மட்டும். யார் வீட்டிலாவது கிரைண்டர் ஓடினால் கொஞ்சம் பலமாக. தண்ணீர் மோட்டார் ஓடினால் இன்னும் கொஞ்சம். அம்மா வாசலில் நின்று, "ஓடுது, ஓடுது, வாசி" என்பாள். மோட்டார் நின்றதும், "நிப்பாட்டு" என்பாள். பாட்டு நடுவில் இருந்தாலும் நிறுத்துவாய். மோட்டார் ஓடாத நேரத்தில் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கை விரல்களை மட்டும் கம்பிகளின்மேல் மாற்றி மாற்றி வைப்பாய். சத்தமே இருக்காது. உன் உதடு மட்டும் அசையும். நான் மார்க்கெட்டிலிருந்து வந்து படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. விரல் போகிற அழகைப் பார்த்தே, இது நல்ல பாட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மேலே உள்ளதை எழுதவே சரியாகிவிட்டது. இன்று சனிக்கிழமை. நீ வரவில்லை. காலையில் அம்மா கூடுதலாக அரை டம்ளர் அரிசி போட்டாள். மத்தியானம் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். நீ வரவில்லை என்று கோபம் இல்லை. நீ வந்து என்ன செய்திருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். கதவைத் திறந்து வைத்திருந்தாலும் உன் கைக்கு அது வந்திருக்குமா என்று தெரியவில்லை. சமயபுரம் ஞாபகம் வருகிறது.

உன் காலேஜ் சிநேகிதன் மூலமாக அந்த மெல்லிசைக் குழுக்காரர் உன்னை வந்து வாசித்துக் காட்டச் சொன்னார். திருவிழாக் கூட்டம் சேருவதற்கு முந்திய சாயங்காலம், கோயிலிலிருந்து தள்ளி ஒரு லாட்ஜுக்கு முன்னால் மேடை போட்டிருந்தார்கள். நானும் அம்மாவும் பூக்கடை ஓரமாக நின்று பார்த்தோம். வேட்டித் துண்டையும் சும்மாட்டையும் எடுத்துவிட்டுத்தான் போனாய். கிட்டாருக்கு முன்னால் மைக்கும் வைத்தார்கள். கீபோர்டு, ட்ரம் எல்லாம் ஆரம்பித்தன. உன் விரல் ஓடுவது தெரிந்தது, வீட்டில் ஓடுவது போலவே, ஒரு பிசகு இல்லாமல். சத்தம் மட்டும் வரவில்லை. அம்மா, "என்னங்க, நம்ம புள்ள வாசிக்கிறது கேக்கலியே" என்றாள். நான், "ஓரமா நிக்கிறோம்ல, அதான்" என்றேன். குழுக்காரர் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். "தம்பி, மைக் வெச்சும் கேக்கலியேப்பா. நீ கிட்டார் வாசிக்கிறியா, தடவிக் குடுக்குறியா? அது என்ன கன்னுக்குட்டியா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "அடிப்பா, பயப்படாம அடி" என்றார். நீ கையை ஓங்கி ஒரு அடி அடித்தாய். ஸ்பீக்கர் அலறியது. அலறியதும் நீ சட்டென்று இடது பக்கம் திரும்பிப் பார்த்தாய். மேடையில் அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் வாழைமரம் கட்டிய மூங்கில். அங்கே இருந்த யாருக்கும் நீ எதைப் பார்த்தாய் என்று தெரிந்திருக்காது. அடுப்படி மூலையில் நீ உட்காரும்போது பொதுச் சுவர் உனக்கு இடது பக்கம்.

குழுக்காரர் கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். "விரல் நல்லா இருக்கு தம்பி. கையில சத்தம் வந்ததும் வா" என்றார். திரும்பி வரும்போது பஸ் கொள்ளிடம் பாலத்தில் மெதுவாகப் போனது. "என்னடா?" என்று கேட்டேன். "வரும்ப்பா" என்றாய். வீட்டுக்கு வந்ததும் துணியையெல்லாம் பழையபடி அடைத்து, அதே மூலையில் உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு மாமா காலமானார். இனி யாருக்காகச் சத்தம் குறைக்க வேண்டும் என்று நம்மில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மாமி தனியாக இருக்கிறார், துக்கத்தில் இருக்கிறார் என்று அம்மா சொன்னாள். துக்கம் ஆறிய பிறகும் அம்மா வாளிக்கு அடியில் துணி போட்டாள். நீ கட்டைவிரல் சதையால்தான் வாசித்தாய். பிறகு வேலை, சென்னை, கல்யாணம். உறையின் ஜிப்பை இழுத்து, பரணில் ஏற்றிவிட்டுப் போனாய். ஏற்றும்போதுகூட சத்தம் வராமல்தான் வைத்தாய்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றுதான் இந்தத் தாளை எடுத்தேன். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்காமல் இரு என்று நாங்கள் சொன்னது தப்பு என்று என்னால் எழுத முடியவில்லை. நோயாளி படுத்திருக்கிற சுவருக்குப் பக்கத்தில் வேறு எப்படி இருப்பது? ஆனால் மேல் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்கிறாயே, அவரிடம் ஒருமுறையாவது மாடி ஏறிப் போய், "சார், எந்த நேரத்துல வாசிச்சா உங்களுக்குப் பரவாயில்ல?" என்று கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். நாங்களும் கேட்டதில்லை. கேட்டால் ஒரு மணி நேரமாவது கிடைத்திருக்கும். கேட்காததால் முழு நாளையும் நாமே விட்டுக்கொடுத்துவிட்டோம். இதை நீ படித்துவிட்டு, சரிப்பா என்பாய். போய்க் கேட்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும், என்னையும் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் வந்துவிட்டுப் போய்விட்டார்கள். அதையும் எழுதிவிட்டால்தான் இந்தக் கடிதம் முடியும்.

கணவரோடு ஸ்கூட்டரில் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுக்கிறவர்களாம், சர்ச்சில் பாடுகிறவர்களாம். குரலே கணீரென்று இருந்தது. உட்கார்ந்ததும் உறையைத் திறந்து, ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, "ஐயா, உள்ள என்ன துணி?" என்றார்கள். "அது என்னுதும்மா" என்று கை நீட்டி வாங்கிக்கொண்டேன். கம்பிக்கு அடியில் இருந்த வேட்டித் துண்டையும் உருவிப் போட்டார்கள். "எலி கிலி வந்து கூடு கட்டிச்சா?" என்று கணவர் சிரித்தார். டீச்சர் ஒவ்வொரு கம்பியாகத் திருகிப் பார்த்து, "கம்பி துருப் பிடிச்சிருக்கு, மாத்தணும். ஆனா உடம்பு நல்ல உடம்பு" என்றார்கள். பிறகு கையை மேலிருந்து கீழே ஒரு வீச்சு வீசினார்கள்.

சரவணா, அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டெல்லாம் அதிர்ந்தது. என் நெஞ்செலும்புக்குள் அதிர்ந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் நம் வீட்டில் இருந்த சாமானுக்கு இவ்வளவு பெரிய குரல் என்று எனக்குத் தெரியாது. "இன்னொரு தடவை அடிங்கம்மா" என்றேன். அவர்களும் சிரித்துக்கொண்டே ஒரு பாட்டையே வாசித்தார்கள். அம்மா ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தினாள், பிறகு கதவைச் சாத்தினாள். "ஏம்மா சாத்துறீங்க, வேர்க்குதே" என்று டீச்சர் வாசிப்பை நிறுத்தாமலே கேட்டார்கள். அம்மா கதவில் முதுகை வைத்து நின்றாள். நான் தரையில் தாளம் போட்டேன். பாட்டு முடியக் கூடாது என்று இருந்தது. நீ வாசித்த ஏதோ ஒரு பாட்டாகவும் இது இருக்கலாம், உன் விரல் இதே வழியில் போனதைப் பார்த்த மாதிரி இருந்தது. காதால் கேட்டிருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும்.

பாட்டு முடிந்ததும் கதவை யாரோ தட்டினார்கள். அம்மா கதவிலிருந்து விலகினாள். திறந்தால் மாமி. அம்மா, "மன்னிச்சுக்குங்க மாமி, இப்ப நிப்பாட்டிடுவாங்க" என்று ஆரம்பித்தாள். மாமி அதைக் கேட்கவே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "யார் வாசிச்சா? ரொம்ப நன்னா இருக்கேடிம்மா! உங்காத்துல இது இருக்கா? எனக்குத் தெரியவே தெரியாதே!" என்றார். டீச்சர் கிட்டாரைத் தூக்கிக் காட்டினார்கள். "இத்தனை நாளா இங்கேயேவா இருந்தது? யார் வாசிப்பா?" என்று மாமி அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "சும்மாதான் கெடந்துச்சுங்க மாமி. யாரும் வாசிக்கிறதில்ல."

மாமி, "அப்படியா" என்று தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். டீச்சர் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார்கள். தெரு முனை திரும்பும் வரை பார்த்தேன். உள்ளே வந்தால், அம்மா அடுப்படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, முகம் மலர்ந்திருந்தது. "பாத்தீங்களா? ஒரு நாள்கூட அவங்களுக்குக் கேட்டதில்ல. எவ்வளவு பதவிசா வளத்திருக்கேன் புள்ளைய" என்றாள். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் பொறுக்கவில்லை. மாமி வாசலில் போய் நின்று, "மாமி, என் மகன் வாசிப்பான், உங்க சுவரை ஒட்டி உட்கார்ந்து வருஷக் கணக்கா வாசிச்சான், இவ சொன்னது பொய்" என்று ஸ்டோருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். நடை வரைக்கும் போனேன். அங்கே நின்று அம்மா சொன்னதை மறுபடி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். யாரும் வாசிப்பதில்லை என்றுதானே சொன்னாள். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கிடைக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா